பாத்தாச்சு

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் ஒரு கதவு படாரென்று சாத்திக்கொண்ட இடத்தில் விட்டேன். அதற்கு எத்தனை கோபம்! "எப்பப் பாத்தாலும் நாத்தனாரையே வில்லியாக்குறீங்களே, உங்க வீட்டுல நாத்தனார் தொல்லை ஜாஸ்தியோ?" என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார். என் வீட்டுக் கதை எனக்கும் என் நாத்தனாருக்கும் தெரியும். நீங்கள் இந்த வீட்டுக்கு வாருங்கள்.

கதவைச் சாத்தியவள் வாலு. பைலட்டின் தங்கை. சின்ன வயதில் செய்த சேட்டைக்கு அண்ணன் வைத்த பெயர், வளர்ந்த பிறகும் ஒட்டிக்கொண்டுவிட்டது. சாத்தியது அண்ணியின் முகத்துக்கு நேரே.

என்ன காரணம் என்று புதிதாகப் படிக்க வந்தவர்கள் கேட்பீர்கள். அண்ணியும் வாலுவும் ஒரே நிலையத்தில் வேலை பார்க்கிறார்கள். ஆளில்லா விமானங்கள் பறக்கும் வானத்தைக் கீழேயிருந்து கண்காணிக்கிற நிலையம். அண்ணி கீழே திரைக்கு முன்னால் உட்காருகிறவள். வாலு மேலே கோபுரத்தில் பைனாகுலரோடு நிற்கிறவள். அடுத்த திரை நாற்காலியை வாலுவுக்குக் கொடுக்கலாமா என்று சூப்பர்வைசர் கேட்டபோது அண்ணி, "கண்ணு நல்ல கண்ணு சார். ஆனா கேட்டதுக்கு நேரா பதில் சொல்ல மாட்டா. இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமே" என்று சொல்லிவிட்டாள். சுவருக்குக் காது உண்டு என்பார்கள். அந்த ஆபீஸில் சுவருக்கு வாயும் உண்டு.

அன்று பிடித்த மௌனம். சாப்பாட்டு மேஜையில் மூன்று பேர் மூன்று பக்கம்.

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமான்னு உங்க தங்கச்சியைக் கேளுங்க" என்பாள் அண்ணி.

"போதும்னு சொல்லுண்ணா" என்பாள் வாலு.

இரண்டு பேருக்கும் நடுவில் கை கழுவ முடியாமல் முழித்துக்கொண்டிருப்பான் பைலட். வானத்தில் மருந்து தெளிக்கிற சின்ன விமானத்தை ஓட்டுகிறவன், வீட்டில் தபால் பட்டுவாடா பண்ணிக்கொண்டிருந்தான்.

இன்று காலையும் அப்படித்தான். ஷூவை மாட்டிக்கொண்டே, "நான் சாயங்காலம் இறங்கி வர்றப்போ நீங்க ரெண்டு பேரும் பேசிட்டிருக்கணும். சண்டையாவது போட்டுக்கோங்க, பரவாயில்ல. இந்த ஊமை நாடகம் தாங்கலை" என்றான்.

வாலு காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அண்ணி பாத்திரத்தை உருட்டினாள். இருவரும் ஒரே நிலையத்துக்குத்தான் போக வேண்டும். போனார்கள், ஒருத்தி வண்டியில், ஒருத்தி பஸ்ஸில்.

திரை அறைக்குள் பகலும் ஒன்று, இரவும் ஒன்று. ஜன்னலெல்லாம் கறுப்பு அட்டை அடைத்திருக்கும். ஏசி குளிரில் அண்ணி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் உட்காருவாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற வேலை. திரையில் தெரிவதெல்லாம் புள்ளிகள்தான். ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் பொடி எழுத்தில் உயரமும் வேகமும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆளில்லா விமானத்துக்குத் தனியாக ஒரு மரியாதை உண்டு. அதன் புள்ளியைச் சுற்றி இரண்டு வளையங்கள். வெளியே மஞ்சள், உள்ளே சிவப்பு. அதில் உட்கார்ந்து அக்கம்பக்கம் பார்க்க ஆள் கிடையாது அல்லவா, அதற்காகக் கீழே இருப்பவர்கள் பார்க்கிறார்கள். மஞ்சளுக்குள் வேறு ஒருவர் நுழைந்தால் ஒரு மணி விட்டு விட்டு அடிக்கும். சிவப்புக்குள் நுழைந்தால் விடாமல் அடிக்கும். அந்த இரண்டாவது மணியை அண்ணி பயிற்சியில் மட்டும்தான் கேட்டிருந்தாள்.

இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன், இன்றைய வினை அதில்தான் இருக்கிறது. ராடாருக்கு ஒரு விமானம் தெரிந்தால் அதன் புள்ளி நிறைந்திருக்கும். மேட்டுக்குப் பின்னால் தாழப் போய் மறைந்துவிட்டால் புள்ளி உள்ளே வெறுமையாகிவிடும், வெறும் வட்டம் மட்டும் நிற்கும். நிற்குமா, நகரும். "இதே திசையில் இதே வேகத்தில் போயிருந்தால் இந்நேரம் இங்கே இருப்பார்" என்று யந்திரம் தன் பாட்டுக்கு யூகித்து நகர்த்திக்கொண்டே போகும். அறையில் அதற்கு ஜோசியப் புள்ளி என்று பெயர். பலித்தால் பலிக்கும்.

அந்த ஜோசியத்தை நம்பி ஒரு காரியமும் செய்யக்கூடாது என்பது விதி. கோபுரத்தைக் கூப்பிட்டு, "கண்ணுல தெரியுதா?" என்று கேட்க வேண்டும். மேலேயிருந்து "தெரியுது" என்றோ "தெரியல" என்றோ பதில் வர வேண்டும். தெரியவில்லை என்றால் ஆளில்லா விமானம் இருந்த இடத்திலேயே வட்டமடித்துக்கொண்டு காத்திருக்கும். சின்னப் பிள்ளைக்கும் புரிகிற விதி.

மதியம் வரை ஒரு வம்பும் இல்லை. ஆளில்லா விமானம் மின்கம்பி வழியே ஒவ்வொரு கம்பமாகப் படம் எடுத்துக்கொண்டு போனது. அதை ஓட்டுகிறவர் அண்ணிக்குப் பக்கத்து மேஜையில். முழங்கால் வலிக்காரர், எந்நேரமும் காலை நீட்டிக்கொண்டு உட்காருவார். அவரை எல்லாரும் ட்ரோன்காரர் என்றே கூப்பிடுவார்கள். மேட்டுக்கு அந்தப் பக்கத்துத் தோப்புகளில் பூச்சி விழுந்திருந்தது. அதற்கு மருந்து தெளிக்க பைலட் போயிருந்தான். அவனுடைய புள்ளி மேட்டருகே போவதும் வருவதுமாக இருந்தது.

திரையில் கணவனைப் பார்த்துக்கொண்டே வேலை செய்வது எப்படி இருக்கும் என்று அண்ணியை யாராவது கேட்டால், "புருஷன் எங்க சுத்துறார்னு எனக்குத்தான் துல்லியமா தெரியும்" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். உள்ளே அவளுக்குப் பயம்தான். பழகவே பழகாத பயம். அந்தப் புள்ளி வெறுமையாகும் ஒவ்வொரு தடவையும் மனசுக்குள் விநாடிகளை எண்ண ஆரம்பித்துவிடுவாள்.

இப்போதும் வெறுமையானது.

மேட்டைத் தாண்டிக் கீழே இறங்கியிருக்கிறான். ஜோசியப் புள்ளி கிழக்கே நகர ஆரம்பித்தது, மின்கம்பிக்கு எதிர்ப்பக்கமாக, தூரமாக.

"மேடம், மேட்டைத் தாண்டிப் போயிடட்டுமா?" என்றார் ட்ரோன்காரர். "அந்தப் பக்கம் இன்னும் ரெண்டு கம்பம்தான் பாக்கி. முடிச்சுட்டா இறக்கிடலாம். பாட்டரியும் சொல்லிட்டே இருக்கு."

"இருங்க, மேல கேக்கறேன்."

அண்ணி பொத்தானை அழுத்தினாள். "கண்ணுல தெரியுதா" என்று முழுசாகக் கேட்க வேண்டியதுதானே? கேட்கவில்லை. வாலுவிடம் ஒரு சொல் கூடுதலாகச் செலவழிக்க மனசு வரவில்லை. காலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்ட அந்தத் திமிர் இன்னும் கண்ணிலேயே நின்றது.

"அந்தப் பக்கம் பாத்தாச்சா?" என்றாள்.

"பாத்தாச்சு" என்றது மேலேயிருந்து. அவ்வளவுதான். ஒரு "ங்க" கூடக் கிடையாது.

"போங்க" என்றாள் அண்ணி ட்ரோன்காரரிடம்.

வளையங்கள் இரண்டும் திரையில் மேட்டைக் காட்டும் பழுப்பு நிறத்துக்குள் நுழைந்தன. ஜோசியப் புள்ளி கிழக்கே வெகுதூரம் போயிருந்தது. அண்ணி தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினாள்.

மணி அடித்தது.

விட்டு விட்டு அடிக்கிற மணி. கிழக்கே இருந்த வெறும் வட்டம் சட்டென்று காணாமல் போய், மேட்டுச் சரிவில், மஞ்சள் வளையத்துக்கு உள்ளே, நிறைந்த புள்ளியாக முளைத்திருந்தது. பக்கத்தில் பொடி எழுத்து. உயரம் ஏறிக்கொண்டே வந்தது. அவன் கிழக்கே போகவே இல்லை. பாதியிலேயே திரும்பி, மேட்டு மடிப்புக்குள் தாழப் பறந்து, இப்போது மேலேறி வருகிறான்.

"அய்யோ" என்றாள் அண்ணி. "இறக்குங்க! கீழ இறக்குங்க!"

"எந்தப் பக்கம்?"

"பக்கம் பாக்காதீங்க, கீழ!"

ட்ரோன்காரர் நீட்டியிருந்த காலை மடக்கினார். அண்ணி வானொலியை அழுத்தினாள். குரல் நடுங்கக்கூடாது, நடுங்கினால் கேட்கிறவனுக்குப் புரியாது.

"மருந்து விமானம், மருந்து விமானம். உங்க இடது பக்கம் ட்ரோன், உங்க உயரத்திலேயே. உடனே வலது பக்கம் திரும்புங்க."

"இடது பக்கமா?" என்றான் பைலட். நிதானமாக, தெருவில் விலாசம் கேட்டவனுக்குச் சொல்கிற மாதிரி. "இங்க ஒண்ணும் இல்லையே. காலியா இருக்கு."

"திரும்புங்க!"

"சரி சரி, திரும்பறேன்."

மணி விடாமல் அடிக்க ஆரம்பித்தது.

இரண்டு புள்ளிகளும் ஒன்றாகிவிட்டன. பொடி எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, எது யாருடைய உயரம் என்று படிக்க முடியவில்லை. அப்போது ஹெட்செட்டில், ஒரு வாரமாக அவளை அண்ணி என்று கூப்பிடாத குரல் அலறியது.

"அண்ணி! அண்ணன்! அண்ணன் அங்கதான் இருக்கான் அண்ணி!"

அண்ணிக்கு அந்த நிமிஷத்தில் வேறெதுவும் தோன்றவில்லை. காலையில் ஒழுங்காக முகம் கொடுத்து அனுப்பவில்லையே என்பது ஒன்றுதான் தோன்றியது. பாத்திரத்தை உருட்டினேனே, போய்ட்டு வாங்கன்னு சொன்னேனா, சொல்லலையே. திரையில் ஒரே புள்ளி. மணி. ட்ரோன்காரரின் கை மட்டும் பிடியை முன்னே தள்ளிக்கொண்டே இருந்தது.

பிறகு புள்ளி இரண்டானது.

ஒன்று கீழே. ஒன்று வலது பக்கம் வளைந்து போனது. மணி நின்றது.

"என்ன, இன்னைக்கு என்னை ரொம்பத் தேடுற?" என்றான் பைலட் வானொலியில். சிரிப்பு வேறு. "வேலை நேரத்துல இதெல்லாம் கூடாதும்மா."

அண்ணிக்கு உயிர் போய் உயிர் வந்தது. அப்படியே மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். ட்ரோன்காரர்தான் அவளுக்காகப் பொத்தானை அழுத்தி, "தளத்துக்குத் திரும்பிடுங்க சார்" என்றார்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. ஆனால் ஆபீஸ் என்று ஒன்று இருந்தால் தலைப்பாகை எங்கே போயிற்று என்று கேட்பார்கள் அல்லவா? சூப்பர்வைசர் தன் அறைக்கு எல்லாரையும் கூப்பிட்டார். கோபுரத்திலிருந்து இறங்கி வந்த வாலுவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. கழுத்தில் பைனாகுலர் வார் சிவப்பாகப் பதிந்திருந்தது. அதைக் கழற்றி வைக்கக்கூட மறந்து மார்போடு பிடித்துக்கொண்டிருந்தாள்.

சூப்பர்வைசர் பேச்சுப் பதிவைப் போட்டார்.

'அந்தப் பக்கம் பாத்தாச்சா?'

'பாத்தாச்சு.'

மறுபடியும் போட்டார். கேட்கக் கேட்க இன்னும் சின்னதாக ஆனது அந்தச் சொல்.

"விமானம் தெரியாமலே பாத்தாச்சுன்னு சொல்லியிருக்கே" என்றார் வாலுவிடம்.

"பொய் சொல்லல சார்! பாத்தேன். மேட்டுக்கு அந்தப் பக்கம் பூரா பாத்தேன். ஒண்ணுமே இல்ல. அதான் பாத்தாச்சுன்னேன்."

"அடிப்பாவி!" அண்ணி எழுந்துவிட்டாள். "பாத்தாச்சுன்னா அவரைப் பாத்தாச்சுன்னுதானே அர்த்தம்? அதை நம்பித்தானே நான் போகச் சொன்னேன்?"

"நீங்க ஆளைப் பாத்தியான்னா கேட்டீங்க? அந்தப் பக்கம் பாத்தாச்சான்னு கேட்டீங்க. அந்தப் பக்கம் பாத்தாச்சு!"

"விதண்டாவாதம் பண்ணாதே."

"கண்ணுல தெரியுதான்னு கேட்டிருந்தா தெரியலன்னு சொல்லியிருப்பேன் அண்ணி. ஏன் கேக்கல?"

ஏன் கேட்கவில்லை? அண்ணி என்ன பதில் சொல்வாள்? உன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசப் பிடிக்கலடி, அதுக்காக என் புருஷனைப் பணயம் வெச்சேன் என்றா?

ட்ரோன்காரர் மெதுவாகச் சொன்னார். "எங்க வீட்டுலயும் இது நடந்திருக்கு சார். அடுப்பைப் பாத்தாச்சான்னு வீட்டுக்காரம்மா கேட்டாங்க. பாத்தாச்சுன்னேன். பாத்தேன்தான். எரிஞ்சிட்டிருந்துச்சு." யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

இந்த இடத்தில் எனக்கே இரண்டு பேர் மேலும் கோபம்தான். ஒருத்திக்கு வாய் வலித்ததாம், இன்னொருத்திக்கு மனசு வலித்ததாம். நடுவில் ஒரு மனுஷன் உயிர். கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கலாம், யார் வேண்டாம் என்றது? சம்பளம் வாங்குகிற நேரத்தில் பேசித் தொலைக்கக் கூடாதா? ஆனால் அவர்கள் நின்ற நிலையைப் பார்த்தால் திட்டவும் வாய் வரவில்லை. வாலு பைனாகுலர் வாரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். அண்ணி ஸ்வெட்டர் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"தப்பு என்னோடது சார்" என்றாள் அண்ணி. "கேள்வியே தப்பு."

"பதிலும்தான்" என்றாள் வாலு தரையைப் பார்த்தபடி.

"யார் தப்புங்கறதை அப்புறம் பாப்போம்" என்றார் சூப்பர்வைசர். "எவ்வளவு கிட்ட வந்துச்சுன்னு முதல்ல பாக்கணும். ட்ரோன் காமிராவுல விழுந்திருக்கும்."

கம்பத்தைப் படம் பிடிக்க வைத்த காமிரா அது. படம் ஓடியது. கம்பம், கம்பி, சரிவு, மரங்கள். ஓரத்தில் ஒரு மஞ்சள் இறக்கை வந்தது. பிறகு விமானம் முழுசாக. பிறகு அது இவ்வளவு பெரிசாகும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. சூப்பர்வைசர் படத்தை நிறுத்தினார். நடுவில் இடைவெளி ஒரு பஸ் நீளம் இருந்தால் அதிகம்.

விமானத்தின் இடது பக்க ஜன்னல் முழுசாகத் தெரிந்தது. ஜன்னலுக்குள் பைலட். 'இடது பக்கமா?' என்று கேட்ட நேரம் போலிருக்கிறது, முகத்தை லேசாக இந்தப் பக்கம் திருப்பியிருந்தான். வேன் அகலத்துக்கு வெள்ளைவெளேரென்று ஒன்று அவன்மேல் வந்துகொண்டிருக்கிறது. அந்த முகத்தில் ஒரு திடுக்கிடல் இல்லை. புருவம்கூட அசையவில்லை. காலியான வானத்தைப் பார்க்கிற முகம்.

"வெயில் கண்ணுல அடிச்சிருக்கும்" என்றார் சூப்பர்வைசர்.

"வெயில் அப்போ அவனுக்கு வலது பக்கம் சார்" என்றாள் வாலு. சொல்லிவிட்டு ஏன் சொன்னோம் என்பதுபோல் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

வாலுவுக்கு வேலையே பார்ப்பதுதான். ஒருவன் எதைப் பார்க்கிறான், எதைப் பார்க்கவில்லை என்பதை முகத்தை வைத்தே சொல்லிவிடுவாள். அவள் அந்த நிறுத்தி வைத்த படத்துக்கு ரொம்பப் பக்கத்தில் போய் நின்றாள். அப்புறம் சட்டென்று விலகி வெளியே போய்விட்டாள்.

பைலட் வந்து சேர்ந்தபோது சிரித்துக்கொண்டேதான் வந்தான். தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "என்ன சார், என்னைக் கொல்லப் பாத்தீங்களாமே? வீட்டுல ரெண்டு பேரும் சேர்ந்து சதி பண்ணிட்டாங்களா?" என்றான். சூப்பர்வைசருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். அண்ணி அவனுக்கு இடப் பக்கம், சுவரோரமாக நின்றிருந்தாள். அவனைத் தொட்டுப் பார்க்க வேண்டும் போல் இருந்தது அவளுக்கு. அத்தனை பேர் முன்னால் எப்படித் தொடுவது?

"பேச்சு விளையாட்டுல வந்த வினை" என்று சூப்பர்வைசர் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். பைலட் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

வாலு கையில் டீயோடு உள்ளே வந்தாள். பேப்பர் கப்பில் ஆவி பறந்தது. நேராக வந்து அண்ணனின் இடது தோளருகே நின்று, கப்பை நீட்டினாள். ஒன்றும் சொல்லவில்லை.

பைலட் வாங்கவில்லை.

பேச்சு சுவாரஸ்யத்தில் கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று அண்ணி நினைத்தாள். வாலு கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள், அவன் காதளவுக்கு. மெள்ள அசைத்தாள். அவன் சூப்பர்வைசரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "சார், உயிர் பிழைச்சு வந்திருக்கேன், ஒரு டீ கூடவா கிடையாது இந்த ஆபீஸ்ல?" என்றான்.

வாலு நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. கப்பிலிருந்து டீ அலம்பி விரலில் வழிந்தது, அதைக்கூட உணரவில்லை. பிறகு நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போய், "இந்தாண்ணா" என்றாள்.

"அட, நெனச்சதும் வந்துடுச்சே!" கையை நீட்டி வாங்கிக்கொண்டான்.

அண்ணிக்குப் புரிந்துவிட்டது. இத்தனை நாளும் கண்ணெதிரே இருந்தவையெல்லாம் வரிசையாக வந்து நின்றன. வண்டியை நீயே ஓட்டு, எனக்கு அலுப்பா இருக்கு என்று எத்தனை மாதமாகச் சொல்கிறான்? படுக்கையில் பக்கம் மாறிப் படுத்துக்கொண்டானே, ஜன்னல் காற்று வேண்டுமாம். இடது கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தான், மருந்துத் தூசி என்றான். டாக்டரிடம் போகலாம் என்றதற்கு எரிந்து விழுந்தான். வானத்தில் இருக்கிற ஈ காக்கையையெல்லாம் கண்டுபிடிக்கிறவளுக்கு வீட்டுக்குள் இது தெரியவில்லை. அவளுக்குத் தெரியக்கூடாது என்று அவன் எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறான்! அதை நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பறக்காவிட்டால் இவன் என்ன ஆவான்? கல்யாணமான புதிதில் அவன் சொன்னது, "கீழ இருக்கறப்போ நான் பாதி ஆளு." சும்மா சொல்லவில்லை. காய்ச்சலில் தரையில் கிடந்த வாரங்களில் அவளே பார்த்திருக்கிறாள்.

வாலு நகர்ந்து வந்து அவள் பக்கத்தில் சுவரோரமாக நின்றாள். டீ பட்டுப் பிசுபிசுத்த விரல்கள் அண்ணியின் கையைத் தேடிப் பிடித்தன. ஒரு வாரச் சண்டை எங்கே போயிற்று என்று இருவருக்கும் தெரியாது. அண்ணி அந்தக் கையை விடவில்லை.

"சரி, நடந்தது நடந்துபோச்சு" என்றார் சூப்பர்வைசர். "பேச்சு விதியை மீறினதுக்கு ரெண்டு பேருக்கும் எழுத்துல கேள்வி வரும். அது தனி. தோப்பு வேலை நிக்கக்கூடாதுன்னு மேலேருந்து சொல்லிட்டாங்க. நாளைக்குக் காலையில உங்களால ஏற முடியுமா?"

"அதுக்கென்ன, தாராளமா" என்றான் பைலட். "நான் ஒண்ணுமே பாக்கலையே சார், பயப்படறதுக்கு."

"வழக்கமா கேக்கறதுதான்." சூப்பர்வைசர் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே பொதுவாகக் கேட்டார். "கோபுரத்துப் பக்கமோ திரைப் பக்கமோ, இவர் பறக்கறதுல யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

அவர் கேள்வியைக் கேட்கும்போதே அடுத்த வரியை எழுதத் தொடங்கிவிட்டார். இல்லை என்ற பதிலைத் தவிர வேறு பதிலை அவர் அந்த அறையில் கேட்டதே கிடையாது.

வாலுவின் பிடி இறுகியது. அவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டாள். தங்கை சொல்லி அண்ணன் மனசு விட்டுப்போக வேண்டாம். வெறுக்கிறதென்றால் என்னை வெறுக்கட்டும்.

"இருக்கு" என்றாள்.

பேனா நின்றது. டீயை வாயருகே கொண்டுபோன பைலட், சிரிப்பு மாறாமலே, கழுத்தை முழுக்கத் திருப்பி, இரண்டடி தூரத்தில் நின்ற மனைவியைத் தேடினான்.